இதயத்துள் ஒரு நாட்குறிப்பு: பருவநிலையும் துடிப்புப் பிறழ்வும் குறித்த ஒரு வரலாறு

1796-ஆம் ஆண்டில் லண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் இளைய வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர். கடும் உறைபனி உடலுக்கு நலம் தருவது, ஈரமும் இளஞ்சூடும் கலந்த குளிர்காலமே நோயைக் கொணர்வது என்ற நம்பிக்கை அக்காலத்து லண்டனில் பரவலாக இருந்தது. ஹெபர்டன் அந்நம்பிக்கையை எண்ணிக்கையால் சோதித்தார். அதற்கு வாய்ப்பாக இரண்டு ஜனவரி மாதங்கள் அடுத்தடுத்து அமைந்திருந்தன. 1795 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 3.1 பாகை. 1659 முதல் தொடரும் அப்பதிவேட்டில் அதைவிடக் குளிர்ந்த மாதம் இன்றுவரை இல்லை. மறு ஆண்டு ஜனவரியோ 7.3 பாகையுடன் மிகவும் இதமாகக் கழிந்தது. இரண்டு மாதங்களின் இறப்புப் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, குளிர்ந்த ஜனவரியில் இறந்தோர் தொகை இதமான ஜனவரியின் தொகையைப் போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. முதியோரிடத்தில் அவ்வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

இதில் ஒரு தற்செயல் உண்டு. இவருடைய தந்தையாரான மூத்த வில்லியம் ஹெபர்டனே, நடக்கும்போது நெஞ்சை இறுக்கி, நின்றவுடன் தணியும் வலிக்கு 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று பெயரிட்டு மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தவர். தந்தை இதய நோயை விவரித்தார். மகன் குளிர்கால இறப்புகளை எண்ணினார். ஆயினும் இவ்விரண்டையும் இணைக்கும் கருவி அவர்கள் காலத்தில் இல்லை. எத்தனை பேர் இறந்தனர் என்பதை இறப்புப் பட்டியல் சொல்லும். அவர்களுடைய இதயம் எந்த நொடியில், எவ்வாறு நின்றது என்பதை அது சொல்லாது. அந்த நொடிக்கு ஒரு சாட்சி கிடைக்க இருநூறு ஆண்டுகள் ஆயின. அச்சாட்சியும் வானிலையை அறியும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்டதன்று.

பருவத்துக்கும் உடலுக்கும் உறவுண்டு என்ற எண்ணம் மிகப் பழையது. காற்று, நீர், நிலம் ஆகியவற்றைக் கொண்டு ஓர் ஊரின் நோய்களைக் கணிக்கலாம் என்று ஹிப்போகிரட்டீஸ் மரபு கூறியது. சரக சம்ஹிதை பருவத்துக்கேற்ற உணவையும் ஒழுக்கத்தையும் வகுத்தது. தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, பனியையே முன்பனி, பின்பனி என இரண்டாகப் பிரித்தறிந்தனர். ஆனால் இவையெல்லாம் பருவங்களைப் பற்றிய அறிவு. குறிப்பிட்ட ஒரு நாளின் குளிர் குறிப்பிட்ட ஓர் இதயத்தை என்ன செய்தது என்னும் வினா வேறு வகையானது. அதற்கு விடை காண, இதயம் நிற்பது என்றால் என்ன என்பது முதலில் தெளிவாக வேண்டியிருந்தது.

அத்தெளிவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தது. 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் கார்ல் லுட்விக்கின் ஆய்வகத்தில், மின்சாரம் பாய்ச்சப்பட்ட விலங்கின் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு ஒழுங்கற்று நடுங்குவது கண்டறியப்பட்டது. 1889-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பணியாற்றிய ஜான் மக்வில்லியம், மனிதரின் திடீர் மரணங்களில் பல இந்நடுக்கத்தாலேயே நேர்வன என்று எழுதினார். அதுவரை இதயம் களைத்துப்போய் அமைதியாக நின்றுவிடுகிறது என்றே பலரும் கருதியிருந்தனர். மக்வில்லியத்தின் கருத்து அதற்கு நேர்மாறானது. இதயத்தின் கீழறைத் தசைநார்கள் ஒன்றோடொன்று இசையாமல் தனித்தனியே துடிக்கத் தொடங்குகின்றன; அசைவு மிகுதியாக இருந்தும் இரத்தம் வெளியேறுவதில்லை. சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். இதுவே கீழறை நடுக்கம்.

நடுக்கத்தைத் தோற்றுவிக்கும் மின்சாரமே அதை நிறுத்தவும் வல்லது என்பதை 1899-இல் ஜெனீவாவில் பிரெவோ, பத்தெல்லி என்னும் இரு அறிஞர்கள் நாய்களிடத்தில் கண்டனர். அது மனிதனுக்குப் பயன்பட அரை நூற்றாண்டு ஆயிற்று. 1947-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக், திறந்த மார்பினுள் இதயத்தின் மீதே மின்முனைகளை வைத்து ஒரு சிறுவனை மீட்டார். 1956-இல் பால் ஸோல் மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே மின்னதிர்வு கொடுக்கும் முறையை நிறுவினார். ஆயினும் மின்னதிர்வு தரும் இயந்திரம் மருத்துவமனையில் இருந்தது. மரணமோ வீட்டிலும் தெருவிலும் நிகழ்ந்தது.

அந்த இடைவெளியை உணர்ந்தவர் மைக்கேல் மிரோவ்ஸ்கி. 1924-இல் வார்சாவில் பிறந்த யூதர். 1939-இல் ஜெர்மானியப் படை போலந்தை ஆக்கிரமித்தபோது, பதினைந்து வயதில் வீட்டை விட்டுக் கிழக்கு நோக்கித் தப்பினார். குடும்பத்தில் எஞ்சியவர் அவர் ஒருவரே. போருக்குப் பின் பிரான்சின் லியோன் நகரில் மருத்துவம் பயின்று, இஸ்ரேலில் பணியாற்றினார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த பேராசிரியர் ஹாரி ஹெல்லருக்குக் கீழறை மிகைத்துடிப்பு அடிக்கடி நேர்ந்தது. அடுத்த தாக்குதல் எப்போது வரும் என்று எவராலும் கூற இயலவில்லை. 1966-இல் ஒருநாள் குடும்பத்தாரோடு உணவருந்திக்கொண்டிருக்கையில் ஹெல்லர் இறந்தார். அவரை வாழ்நாள் முழுதும் மருத்துவமனையிலேயே இருத்தியிருக்க முடியாது. பெரிய பெட்டியளவிலான இயந்திரத்தையும் மருத்துவரையும் அவரோடு எங்கும் அனுப்பியிருக்கவும் முடியாது. அப்படியானால் இயந்திரத்தைச் சிறிதாக்கி உடலுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு மிரோவ்ஸ்கி வந்தார்.

1968-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள சினாய் மருத்துவமனையில் சேர்ந்த அவர், மார்ட்டன் மோவருடன் இப்பணியைத் தொடங்கினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. நேர்மின்னோட்ட அதிர்வு முறையை வகுத்த முன்னோடியும் பெரும் புகழ் பெற்றவருமான பெர்னார்ட் லவுன், 1972-இல் இம்முயற்சியைக் குறைபாடு மிக்கதென்று எழுத்திலேயே கண்டித்தார். நிதியும் கிட்டவில்லை. நாயொன்றின் இதயத்தில் நடுக்கத்தைத் தோற்றுவித்து, அது சுருண்டு விழுவதையும், உள்ளிருக்கும் கருவி அதிர்வு கொடுத்தபின் எழுந்து வாலாட்டுவதையும் மிரோவ்ஸ்கியின் குழுவினர் படம் பிடித்துக் காட்டினர். விழவும் எழவும் பழக்கப்பட்ட நாய் அது என்று ஐயுற்றோர் உண்டு. அதன் பிறகு இதய மின்வரைவையும் படத்தில் சேர்த்தே காட்ட வேண்டியதாயிற்று.

1980 பிப்ரவரி 4-ஆம் நாள், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் லீவை வாட்கின்ஸ் முதன்முதலாக ஒரு மனித உடலில் அக்கருவியைப் பொருத்தினார். எடை சுமார் கால் கிலோ. மார்பைத் திறந்து மின்முனைகளை வைத்து, கருவியை வயிற்றுப் பகுதியில் பதிக்க வேண்டியிருந்தது. 1985-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1990-இல் மிரோவ்ஸ்கி மறைந்தார். இன்று ஐசிடி என்று அழைக்கப்படும் அக்கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. காறை எலும்பின் கீழ் தோலுக்கடியில் பதிக்கப்படுகிறது.

தொடக்கக் காலக் கருவிகளுக்கு நினைவாற்றல் இல்லை எனலாம். எத்தனை முறை அதிர்வு கொடுத்தோம் என்ற கணக்கை மட்டுமே அவை வைத்திருந்தன. 1990-களின் தொடக்கத்தில் வந்த புதிய தலைமுறைக் கருவிகள் ஒவ்வொரு பிறழ்வின்போதும் இதயத்தின் மின்னலைகளை நாள், மணி, நிமிடத்தோடு பதிவு செய்யலாயின. அதிர்வு தேவையோடு கொடுக்கப்பட்டதா, தவறாகக் கொடுக்கப்பட்டதா என்று மருத்துவர் சரிபார்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் அதன் விளைவாக ஆயிரக்கணக்கானோரின் நெஞ்சுக்குள் ஒரு நாட்குறிப்பு எழுதப்படலாயிற்று. முன்னாளில் இறப்பாக முடிந்திருக்கக்கூடிய கணம் இப்போது ஒரு பதிவாக முடிந்தது. அதற்கு உரியவர் மறுநாளும் உயிரோடிருந்தார். அடுத்த பிறழ்வையும் அதே கருவி பதிந்தது. ஒருவர் ஒருமுறைதான் இறக்க முடியும் என்பதால் இறப்புப் புள்ளிவிவரத்துக்கு இருந்த எல்லை இங்கே விலகியது.

இந்த நாட்குறிப்பைப் படிக்க ஒரு முறையும் அதே காலத்தில் வாய்த்தது. 1991-இல் மால்கம் மக்லூர் என்னும் நோய்ப்பரவலியல் அறிஞர் வகுத்த அம்முறையில், நோயாளி தமக்குத் தாமே ஒப்பீடு ஆகிறார். பிறழ்வு நேர்ந்த நாளின் வெப்பநிலையை, அதே மாதத்தில் பிறழ்வு நேராத பிற நாள்களின் வெப்பநிலையோடு ஒப்பிடுவது அதன் சாரம். ஒருவரின் வயது, மரபு, உணவு, வருவாய், நோயின் கடுமை ஆகியவை ஒரு மாதத்துக்குள் பெரிதும் மாறுவதில்லை, மாறுவது வானிலை. ஆகவே ஏழையையும் செல்வரையும், இளைஞரையும் முதியவரையும் ஒப்பிடும்போது எழும் குழப்பங்கள் இதில் பெரும்பாலும் நீங்குகின்றன.

முதலில் இந்நாட்குறிப்பைத் திறந்தவர்கள் தேடியது வெப்பநிலையை அன்று, காற்று மாசை. 2000-ஆம் ஆண்டில் அன்னெட் பீட்டர்ஸ் குழுவினர் அமெரிக்காவின் கிழக்கு மாசசூசெட்ஸ் பகுதியில் 100 ஐசிடி நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, நைட்ரஜன் டை ஆக்சைடு மிகுந்த நாள்களை அடுத்து கருவி செயல்படுவது கூடியதாகக் கண்டனர். அடிக்கடி பிறழ்வு நேர்ந்தோரிடத்தில் நுண்துகளோடும் தொடர்பு தென்பட்டது. 2005-இல் டக்ளஸ் டாக்கரி குழுவினர் பாஸ்டனில் 203 பேரை ஆராய்ந்தபோது ஒரு நுட்பமான செய்தி வெளிப்பட்டது. முந்தைய மூன்று நாள்களுக்குள் ஏற்கெனவே ஒரு பிறழ்வைச் சந்தித்தவர்களிடத்தில்தான் மாசின் விளைவு தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் கனடாவின் வான்கூவரில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அட்லாண்டாவில் பத்தாண்டுக் காலத்தில் 518 நோயாளிகளின் 6,287 பிறழ்வு நாள்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான பெரிய ஆய்விலும் உறுதியான சான்று கிட்டவில்லை. ஊருக்கு ஊர் மாசின் கலவை வேறு, காற்றின் போக்கு வேறு, நோயாளிகளின் நிலை வேறு. வெளியில் வைத்த அளவி காட்டும் மாசும், வீட்டுக்குள் இருப்பவர் சுவாசிக்கும் மாசும் ஒன்றல்ல. ஒரே வகைக் கருவியை நம்பி நடந்த ஆய்வுகளே முரண்பட்டு நிற்பது இத்துறையின் வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பகுதி.

காற்று மாசுக்கும் வெப்பநிலைக்கும் தொடர்பு இல்லாமலில்லை. வட இந்தியச் சமவெளியில் பனிக்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. புகை மேலெழ வழியின்றித் தங்குகிறது. தில்லியின் மார்கழி மாதத்தில் குளிர் எது செய்தது, புகை எது செய்தது என்று பிரித்தறிவது எளிதன்று. அதனால்தான் வெப்பநிலையைத் தனியே ஆராயும் முயற்சி தேவைப்பட்டது.

அம்முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது தென்கிழக்கு இங்கிலாந்தில் நடந்தது. ஹெபர்டன் இறப்புகளை எண்ணிய அதே நிலப்பகுதி. 1995 முதல் 2003 வரை அங்குள்ள ஐசிடி மருத்துவப் பிரிவுகளுக்கு வந்த நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 2013-இல் வெளியான அவ்வாய்வு, குளிர் கூடக் கூடக் கருவி செயல்படும் வாய்ப்பு கூடும் போக்கைக் காட்டியது. வெப்பநிலை 1 பாகை குறையும்போது அடுத்த ஏழு நாள்களில் பிறழ்வு நேரும் வாய்ப்பு சராசரியாக 1.2 விழுக்காடு கூடியது. இந்த எண் தற்செயலால் விளைந்திருக்கலாம் என்பதை முற்றிலும் மறுக்கும் வலிமை உடையதன்று. ஆனால் 2 பாகைக்குக் கீழே சென்றபோது ஒவ்வொரு பாகைக்கும் 11.2 விழுக்காடு என்னும் அளவுக்கு ஏற்றம் செங்குத்தாயிற்று. 65 வயதைக் கடந்தோரிடத்தில் அது மிகுதியாக இருந்தது. 1796-இன் இறப்புப் பட்டியல் எந்தத் திசையைச் சுட்டியதோ, அதே திசையை இதயத்துள் இருந்த கருவியும் சுட்டியது.

குளிர் ஏன் இவ்வாறு செய்கிறது என்பதற்கான விளக்கம் அதற்கு முன்பே உருவாகியிருந்தது. 1984-இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் கீட்டிங் குழுவினர், நலமான மனிதர்களை 24 பாகை வெப்பமுள்ள வீசுங்காற்றில் ஆறு மணி நேரம் இருத்திச் சோதித்தனர். அவ்வளவு மெல்லிய குளிர்ச்சியிலேயே தோலின் இரத்த நாளங்கள் சுருங்கின. இரத்த அழுத்தம் உயர்ந்தது. இரத்தத்தின் பாகுத்தன்மை 21 விழுக்காடு கூடியது. இரத்தத் தட்டணுக்களும் மிகுந்தன. இதனோடு பரிவு நரம்பு மண்டலத்தின் தூண்டுதலும் சேர்கிறது. நலமான இதயம் இதைப் பொறுத்துக்கொள்ளும். பழைய மாரடைப்பின் தழும்பு உள்ள இதயத்தில் அத்தழும்பைச் சுற்றி மின்னலை சுழன்று திரும்பும் பாதைகள் உண்டு. மிகுந்த அழுத்தம், மிகுந்த நரம்புத் தூண்டுதல், குறைந்த இரத்தவோட்டம் ஆகிய மூன்றும் கூடும் வேளையில் அப்பாதை விழித்துக்கொள்கிறது.

விளைவு உடனே தோன்றாமல் சில நாள்கள் கழித்தும் தோன்றலாம் என்பதற்கு வானிலைக்கு அப்பாற்பட்ட ஒரு சான்றும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முந்தைய 30 நாள்களையும் பிந்தைய 30 நாள்களையும் நியூயார்க் பகுதியின் 200 ஐசிடி நோயாளிகளிடத்தில் ஒப்பிட்டபோது, பின்னதில் கீழறைப் பிறழ்வு 2.3 மடங்காகக் கூடியிருந்தது. அதிலும் முதல் பிறழ்வு தாக்குதல் நடந்து மூன்று நாள்களுக்குப் பின்னரே பதிவாகியிருந்தது. இதயத்தின் மீது விழும் சுமை எதுவாயினும், அது தன் கணக்கைத் தீர்க்கச் சில நாள்கள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

வெப்பத்தின் வழி வேறு. வியர்வையால் நீரும் உப்பும் வெளியேறுகின்றன; இரத்தத்தின் அளவு குறைகிறது; தோலுக்கு மிகுதியாக இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் விரைந்து துடிக்கிறது. பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய உப்புகளின் சமநிலை பிறழ்ந்தால் இதயத் தசையின் மின்னோட்டமும் பிறழும். ஐசிடி பொருத்தப்பட்டோரில் பலர் இதயத் தளர்ச்சி உடையவர்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர்கள். நீரை வெளியேற்றுவதற்காகத் தரப்படும் அம்மருந்தும் நீரை வறளச் செய்யும் கோடையும் ஒரே திசையில் இழுக்கின்றன. 2024-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்ட ஓர் ஆய்வு, உடற்பருமன் மிகுந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசிடி நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு, 39 பாகையைக் கடந்த வெப்பத்தில் மேலறை நடுக்கம் நேரும் வாய்ப்பு குளிர்ந்த நாள்களைவிடப் பன்மடங்கு கூடுவதாகத் தெரிவித்தது. மேலறை நடுக்கம் உடனே உயிரைப் பறிப்பதன்று. ஆனால் பக்கவாதத்துக்கு வழி திறப்பது. சில வேளைகளில் அதைக் கீழறைப் பிறழ்வென்று கருவி தவறாகக் கருதித் தேவையற்ற அதிர்வைத் தரவும் நேரும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. பால்டிமோரும் பாஸ்டனும் லண்டனும் எழுதிய நாட்குறிப்பு, உறைபனி காணாத பெருநிலப்பரப்பைக் கொண்ட இந்தியாவுக்கு எவ்வளவு பொருந்தும்? கடுங்குளிர் நாட்டின் பாடம் வெப்ப நாட்டுக்கு வேண்டியதில்லை என்று எண்ணத் தோன்றும். வரலாறு அவ்வெண்ணத்துக்கு எதிராக நிற்கிறது.

1997-இல் வெளியான 'யூரோவின்டர்' ஆய்வு ஐரோப்பிய நகரங்களை ஒப்பிட்டது. வெப்பநிலை 18 பாகைக்குக் கீழே ஒவ்வொரு பாகை குறையும்போதும் தென் ஃபின்லாந்தில் இறப்பு 0.27 விழுக்காடு மட்டுமே கூடியது. இதமான ஏதென்ஸிலோ 2.15 விழுக்காடு. குளிர் அன்றாடமாகிய இடத்தில் வீடுகள் சூடாக இருந்தன. மக்கள் தொப்பியும் கையுறையும் அணிந்தே வெளியேறினர். குளிர் விருந்தாளியாக வரும் இடத்தில் அதற்கென எவரும் ஆயத்தமாக இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் பன்னிரண்டு ஆண்டுகளின் இதயநாள நோய் இறப்புகளை ஆராய்ந்து 1999-இல் ராபர்ட் குளோனர் குழுவினர் வெளியிட்ட கட்டுரையிலும், குளிரென்று சொல்லத்தகாத அந்நகரின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கோடையைவிட 33 விழுக்காடு மிகுதியான இறப்புகள் காணப்பட்டன.

இந்தியாவின் சான்று வேறொரு வகை நாட்குறிப்பிலிருந்து வந்தது. இந்நாட்டில் இறப்புகளில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே நிகழ்கிறது. காரணம் எழுதப்படாமலே போகிறது. தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு இணைந்து பிரபாத் ஜா வழிநடத்திய 'பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு' அக்குறையை நிரப்ப முனைந்தது. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, இறந்தவர் கடைசி நாள்களில் எப்படியிருந்தார், எங்கே வலி என்றார், மூச்சு வாங்கியதா என்றெல்லாம் உறவினரிடம் கேட்டு எழுதினர். அக்குறிப்புகளை மருத்துவர்கள் படித்து இறப்பின் காரணத்தைத் தீர்மானித்தனர்.

2001 முதல் 2013 வரையிலான அவ்வாறான நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புகளை, அவை நிகழ்ந்த நாளின் வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதில் வெளிப்பட்டது பலர் எதிர்பாராதது. மிகுதியான இறப்புகளுக்குக் காரணமாயிருந்தது கடும் வெப்பமும் அன்று, கடுங்குளிரும் அன்று, மிதமான குளிர். அதாவது 13.8 பாகைக்கு மேல், ஆனால் இறப்பு மிகக் குறைவாக இருக்கும் வெப்பநிலைக்குக் கீழ் உள்ள நாள்கள். நோயால் நேர்ந்த இறப்புகளில் 6.3 விழுக்காடும், இதய இரத்தநாள நோய் இறப்புகளில் 9.7 விழுக்காடும், பக்கவாத இறப்புகளில் 27.2 விழுக்காடும் இத்தகைய நாள்களோடு தொடர்புடையனவாகக் கணிக்கப்பட்டன. கடும் வெப்பமோ கடுங்குளிரோ ஒரு நாளில் தரும் ஆபத்து பெரிதாக இருக்கலாம். ஆனால் அத்தகைய நாள்கள் சிலவே. மிதமான குளிர்நாள்கள் பல. சிறிய ஆபத்து பல நாள்களில் பரவும்போது அதன் கூட்டுத்தொகை பெரிதாகிறது. கம்பளி ஒன்று இல்லாத வீட்டில் 16 பாகையும் குளிரே.

இதனால் வெப்பத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 பாகையைத் தொட்டது. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட அம்மாதத்தில் 1,344 இறப்புகள் மிகுதியாயின. அதன் விளைவாக 2013-இல் அந்நகரம் வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி என அத்திட்டத்தில் அடங்கியவை எளியவை. அதன் வழியைப் பின்பற்றி நாட்டின் வேறு நகரங்களும் மாநிலங்களும் திட்டங்கள் வகுத்தன. வெப்பத்துக்கு இவ்வளவு செய்த நாடு, கணக்கில் அதைவிடப் பெரிதாக நிற்கும் மிதமான குளிருக்கு அதே அளவு கவனத்தை இன்னும் தரவில்லை. வெப்ப அலை செய்தியாகிறது. பின்பனிக் காலத்து விடியலில் ஒரு முதியவர் எழாமல் போவது செய்தியாவதில்லை.

இரண்டு நாட்குறிப்புகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. ஒன்றை விலை மிகுந்த மின்கருவி நொடிக் கணக்கோடு எழுதுகிறது. மற்றொன்றை இழவு வீட்டில் மனைவியோ மகனோ நினைவிலிருந்து சொல்ல, ஒரு களப்பணியாளர் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார். முன்னதற்கு உரியவர் தம் நெஞ்சுக்குள் பாதுகாவலைப் பெற்றவர்; பின்னதற்கு உரியவர் அதைப் பெறாதவர். ஐசிடி கருவியின் விலை அப்பால் வைத்த பெரும்பான்மையோரின் இதயத்தைப் பற்றி அக்கருவி நேரடியாக எதுவும் சொல்லாது. ஆயினும் இரண்டு சாட்சிகளும் பல இடங்களில் ஒத்தே பேசுகின்றன. இதய நோயாளிக்கு வானிலை வெறும் பேச்சுப்பொருள் அன்று என்பது முதலாவது. ஆபத்து அன்றே தீர்வதில்லை. சில நாள்கள் தொடரலாம் என்பது இரண்டாவது. ஏற்கெனவே நலிந்தவரும் முதியவருமே அதை மிகுதியாகச் சுமக்கின்றனர் என்பது மூன்றாவது.

இவற்றிலிருந்து அச்சம் கொள்ள வேண்டியதில்லை. தனி ஒருவருக்கு ஒரு குளிர்நாள் தரும் கூடுதல் ஆபத்து சிறியதே. ஐசிடி பெற்றவரிடத்தில் அதைத் தடுக்கக் கருவியும் காத்திருக்கிறது. ஆனால் வேண்டிய கவனம் எளிதில் செய்யத்தக்கது. விடியற்காலை நடையைக் குளிர்நாள்களில் சற்றுத் தள்ளிப்போடுவது, தலையையும் காதையும் போர்த்திக்கொள்வது, கோடையில் சிறுநீர் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்வது, தாமாக எம்மருந்தையும் நிறுத்தாமலிருப்பது ஆகியவை விலையற்றவை. பாட்டிமார் காலங்காலமாகச் சொல்லிவந்த 'தலையில் துணி கட்டிக்கொண்டு போ' என்ற சொல்லுக்குக் கீட்டிங்கின் ஆய்வகமும் ஏதென்ஸின் கணக்கும் பொருள் தந்திருக்கின்றன.

ஹெல்லரின் மரணத்தை அவருக்கருகில் இருந்தோர் எவராலும் தடுக்க முடியவில்லை. அந்த இயலாமையிலிருந்து பிறந்த கருவி பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. காத்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதியும் வைத்தது. மிரோவ்ஸ்கி அந்த வரிகளை வானிலைக்காக வேண்டவில்லை. அவை எழுதப்பட்டுவிட்டன. அவற்றைப் படித்து, கருவி இல்லாதவர்களின் வீட்டுக்கும் ஒரு போர்வையாகவும் ஒரு குவளை நீராகவும் உரிய வேளையில் ஓர் எச்சரிக்கையாகவும் கொண்டுசேர்ப்பது பிறர் கையில் இருக்கிறது. 1796-இல் ஒரு மருத்துவர் இரண்டு ஜனவரிகளை ஒப்பிட்டுத் தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை.